பின்வளவு வீடு

செந்தில்நாதன் அண்ணை அந்த வெள்ளைக்காரன் வேடத்தைக் கொஞ்சம் அதிகமாகவே நன்றாக நடித்தார். எனக்குச் சந்தேகம் பிடித்தது அதிலிருந்துதான்.

எங்கள் தமிழ் மன்றம் சிட்னியின் பரமட்டாவில் மேடையேற்றவிருந்தது ஒரு பழைய அமெரிக்க நாடகம். கறுப்பினக் குடும்பம் ஒன்று வெள்ளையர் தெருவில் வீடு வாங்குகிறது. தெருச் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து, நீங்கள் இங்கே வராமல் இருப்பது உங்களுக்கே நல்லது என்று மிக மரியாதையாகச் சொல்கிறார். தமிழாக்கம், நெறியாள்கை, அந்த மரியாதைக்காரர் எல்லாமே செந்தில்நாதன் அண்ணைதான். குடும்பத்தின் தாய் நான்.

ஒத்திகையில் எனக்குக் கண்ணீர் தானாக வந்தது. பெரிய நடிப்பு ஒன்றுமில்லை. சிட்னியில் ஒன்பது வருடமாக நாங்கள் வாடகைக்கு இருந்த மெரிலேண்ட்ஸ் வீட்டை உரிமையாளர் விற்கப்போகிறார். மாத முடிவுக்குள் வீட்டை விட்டு எழும்ப வேண்டும். பதினேழு வீடு பார்த்து, பதினேழுக்கும் விண்ணப்பம் போட்டாயிற்று. நான் ஆஸ்பத்திரியில் தாதி, கணவர் நரேன் பஸ் ஓட்டுகிறார், வாடகை ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை. ஒரு வீட்டு முகவரும் திரும்ப அழைக்கவில்லை. தாட்சாயினி என்ற என் பெயரை வாசித்ததுமே அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறார்கள் என்றேன் நான். "உனக்கு எல்லாத்திலயும் சந்தேகம்" என்றார் நரேன். இருக்கலாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் செந்தில்நாதன் அண்ணை ஒத்திகை முடிவில் என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, எங்கட பின்வளவில ரெண்டறை வீடு சும்மா கிடக்கு. இன்டர்நெட்டிலயும் போட்டிருக்கிறன். நீங்கள் ஏன் வெள்ளையளுக்குப் பின்னால திரியிறியள்? வந்து பாருங்கோ."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனோம். அவர்கள் வீட்டுக்குப் பின்னால், அதே காணிக்குள் ஒரு சின்ன வீடு. சமைக்க வெளிச்சமான குசினி, தனி வாசல், மகள் ராகவியின் பள்ளிக்கூடத்துக்கு ஒரே பஸ். அண்ணையின் மனைவி யோகா அக்கா பூப்போட்ட பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி தந்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்து எனக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஊரில எவடம் பிள்ளை?"

இந்தக் கேள்வியை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் ஊர், பிறகு ஊரில் எந்தப் பக்கம், பிறகு எந்தக் கோயிலடி. மூன்றாவது பதிலில் சாதி கைக்கு வந்துவிடும். நேராகக் கேட்டால் நாகரிகமில்லையாம். கொழும்பு என்று சொல்லித் தப்பிவிடு என்று நரேன் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். எனக்கு வாய் வராது, வீம்பும் உண்டு. மூன்றையும் சொன்னேன்.

"ஆ... அங்கால பக்கமோ" என்றார் அக்கா. சிரித்த முகம் அப்படியே இருந்தது. இரண்டாம் தரம் தேத்தண்ணி வந்தபோது எனக்கும் நரேனுக்கும் கடதாசிக் கோப்பை.

காரில் நரேனிடம் சொன்னேன். "கோப்பை கழுவ அலுப்பு, பஞ்சியா இருந்திருக்கும், விடு" என்றார். அடுத்த ஒத்திகையில் பார்த்தால் எல்லோருக்குமே கடதாசிக் கோப்பைதான். சீ, என் புத்தி ஏன் இப்படிப் போகிறது என்று என்னையே திட்டிக்கொண்டேன். அன்றைக்கே அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டார்.

"குறை நினைக்காதேங்கோ தங்கச்சி. மச்சானின்ர ஆக்கள் வருகினம். வீட்டை அவைக்குக் குடுத்திட்டம்."

நாடகத்தில் பேசும் அதே குரல். வலது கைகூட அதே மாதிரி நெஞ்சில் இருந்தது.

விளம்பரம் இணையத்தில் அப்படியே கிடந்தது. ஒரு நாள் பார்த்தேன், இரண்டு நாள் பார்த்தேன், ஐந்தாம் நாளும் கிடந்தது. என்னோடு வேலை செய்யும் ஹரிப்பிரியா மதுரைக்காரி. அண்ணையின் எண்ணுக்கு அழைத்துக் கேட்கும்படி அவளிடம் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், அந்த வீடு இன்னும் இருக்கா?"

"ஓம் ஓம், இருக்கு. எப்ப வந்து பாக்கிறியள்?"

கோபமும் அவமானமும் ஒன்றாக வந்தன. பதினேழு முகவர்கள் மேலும் சந்தேகப்பட்ட நான், 'தங்கச்சி' என்ற ஒரு சொல்லுக்கு மயங்கிவிட்டேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த ஒத்திகைக்குப் போகவில்லை. வீடு இன்னும் விளம்பரத்தில் இருக்கிறது, ஏன் என்று எனக்குத் தெரியும், தாய் வேடத்துக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று செய்தி மட்டும் அனுப்பினேன். நாடகத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது. நானூறு டிக்கெட் விற்றாயிற்று. பத்து நிமிடத்தில் அண்ணை அழைத்தார்.

"தங்கச்சி, என்ன இது? எங்களுக்கு அப்பிடி ஒரு எண்ணமும் இல்லை. மச்சானின்ர ஆக்கள் வரேல்லை எண்டு இப்பதான் சொன்னவை. வீடு உங்களுக்குத்தான். நாளைக்கே சாவியை வாங்குங்கோ. நாடகத்தை மட்டும் விட்டிடாதேங்கோ. இதுகளை வெளியில கதைக்கவும் வேண்டாம்."

பக்கத்தில் நின்ற நரேன், ஓம் சொல்லு என்று தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார். மாத முடிவுக்குப் பன்னிரண்டு நாள். எனக்கும் ஓம் சொல்லத்தான் ஆசை. அந்தக் குசினி அவ்வளவு பிடித்திருந்தது. மச்சானின் கதை உண்மையாகவும் இருக்கலாம். நானூறு டிக்கெட்டுக்குப் பயந்து தருகிறாரா, மனம் வந்து தருகிறாரா? அது தெரியாமல் அந்த வளவுக்குள் போனால், தினமும் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்தே எனக்கு விசர் பிடித்துவிடும்.

"சரி அண்ணை, வாறம்" என்றேன். "ஒண்டே ஒண்டு. குடிவந்து பால் காய்ச்சுற அண்டைக்கு நான்தான் சமைப்பன். நீங்களும் அக்காவும் வந்து எங்களோட இருந்து சாப்பிடவேணும். அதுக்கு ஓம் எண்டால் சாவியை வாங்குறன்."

மறுமுனையில் போனைப் பொத்திக்கொண்டு குசுகுசுப்பது மட்டும் கேட்டது. பிறகு அண்ணை தொண்டையைச் செருமினார்.

"சாப்பிடுறதுக்கு என்ன தங்கச்சி, சந்தோசம்தானே. ஆனா அண்டைக்கு எங்களுக்கு வேற ஒரு அலுவல் இருக்கு."

"நான் இன்னும் நாளே சொல்லேல்லை அண்ணை" என்றேன்.