செவுளில் ஊற்றிய தண்ணீர்

பின்மூடியைத் தூக்கிப் பிடித்தபடியே தேவநாதன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டார். இருக்கைக்குப் பின்னால் இன்ஜின் இருக்கிற வண்டியை அவர் கைவைத்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கடலூர் செம்மண்டலத்தில் பழைய கார் விற்றுக் கொடுக்கிறவர் அவர். ஸ்விஃப்ட்டோ பொலிரோவோ வந்தால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பார், மிதியடியைத் தூக்கி முகர்ந்து பார்ப்பார், பிறகு ஒரே ஒரு விலை சொல்வார். அதற்கு மேல் விற்கிறவரும் கேட்க மாட்டார், வாங்குகிறவரும் குறைக்க மாட்டார். மஞ்சக்குப்பம் பக்கம் வண்டி பேசுகிறவர்கள் இன்றைக்கும் "தேவநாதன் பாத்துட்டாரா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அப்படிப்பட்டவருக்கு இந்த மஞ்சள் நிற இத்தாலிக் கார் ஒன்றுமே சொல்லவில்லை. சென்னைக்கும் பெங்களூருக்கும் போன் போட்டுக் கேட்டார். ஆளுக்கொரு விலை சொன்னார்கள். ஒருவன் சிரித்துவிட்டு, கடலூர்ல எவன்ணே இத வாங்கி வச்சிருக்கான் என்றான்.

வாங்கி வைத்திருந்தவன் ஜெயப்பிரகாஷ். கடலூருக்குத் தெற்கே கடற்கரைக் குப்பத்தில் படகுக்காரர் மகன். அவன் மீன் ஏற்றுவதற்கு வாங்கிய முதல் மினி லாரியே தேவநாதன் பேசி முடித்ததுதான். பிறகு கிள்ளைப் பக்கம் இறால் குட்டை எடுத்தான். அடுத்தடுத்து நல்ல விளைச்சல். சின்ன வயதில் சுவரில் ஒட்டி வைத்திருந்த படத்தில் இருந்த வண்டியைப் பெங்களூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்துவிட்டான். குப்பத்து வேகத்தடையில் வண்டியின் அடிவயிறு தட்டாமல் இருக்க ஊரே பலகை போட்டுக் கொடுத்தது. அப்புறம் இறாலுக்கு நோய் வந்தது. அவனுக்கும் வந்தது. காமாலை என்று சிதம்பரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இப்போது ஈரலையே மாற்ற வேண்டும், சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்கிறார்கள். தன் ஈரலில் பாதியைக் கொடுக்க மனைவி ப்ரீத்தி தயாராக இருந்தாள். ஐம்பது லட்சம் வேண்டும். குட்டையும் நகையும் ஏற்கெனவே போய்விட்டன. மிச்சம் இந்த வண்டி.

மூடிக்குள் அலுமினியமெல்லாம் மாவு தூவியது போல் வெளுத்துக் கிடந்தது. வயர் முனைகளில் பச்சை பூத்திருந்தது. சாவி போட்டால் இன்ஜின் கிளம்பியது. ஆனால் தொண்டை கட்டியவர் பேசுவது போல இருந்தது. கடல் காற்று பட்ட வண்டிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். காற்று இவ்வளவு தின்னாது.

ஜெயப்பிரகாஷின் அம்மா அமராவதி, வண்டி நின்ற கொட்டகையின் வாசலில் நின்று பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியை யாராவது கழுவினார்களா என்று தேவநாதன் கேட்டார்.

"கழுவறதா? பூச தம்பி. புதுப் படகு எறக்கும்போது கடல் தண்ணி ஊத்தித்தான எறக்குவோம்? எங்க வூட்டுக்காரரு படகு எத்தினி பொயலு பாத்துது, ஒரு தபா கூட திரும்பாம இருந்ததில்ல. இதுக்கும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊத்துவேன். புள்ள படுத்ததுலேர்ந்து தெனம் ஒரு கொடம்."

"எங்க ஊத்துவீங்கக்கா?"

அவர் அருகில் வந்து பின்மூடியில் வரிசையாக இருந்த பிளவுகளைத் தடவிக் காட்டினார். "இதோ, மீனுக்கு இருக்கற மாதிரி செவுளு இருக்குது பாருங்க. செவுள்ல ஊத்துனாத்தான மூச்சு வுடும்."

தேவநாதன் மூடியை மெதுவாக இறக்கினார். மகன் பிழைக்க வேண்டும் என்று விடியற்காலையில் கடலுக்குப் போய், குடத்தை இடுப்பில் வைத்து மணலில் நடந்துவந்து, மகனைப் பிழைக்க வைக்கப்போகிற ஒரே பொருளின் மேல் ஊற்றியிருக்கிறார். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லக்கூடிய ஒருத்தி, ப்ரீத்தி, ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தாள். இப்போது சொல்வதால் யாருக்கு என்ன கிடைக்கும்? உப்பு உள்ளே போய்விட்டது. சொன்னால் இந்த அம்மாவுக்குள்ளும் போகும், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் அறிவழகன் வந்து சேர்ந்தார். பாண்டிச்சேரியில் வீடு கட்டி விற்கிறவர். அறுபது லட்சம் வரை கொடுக்கத் தயார் என்று போனிலேயே சொல்லியிருந்தார். வண்டியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி விட்டு உள்ளே வந்தது தேவநாதனுக்கு என்னவோ செய்தது. இந்த வண்டியைப் பற்றித் தனக்கு ஒரு மண்ணும் தெரியாது, ஆசைதான் என்றார். "என் பொண்டாட்டிக்கு இன்னும் தெரியாதுண்ணே. எறா வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்று சிரித்தார். பிறகு, "வெலைய நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நான் மறு பேச்சு பேச மாட்டேன்" என்றார்.

சனிக்கிழமை தவறாமல் திருவந்திபுரம் கோயிலுக்குப் போகிறவர் தேவநாதன். ஒவ்வொரு வண்டிக்கும் விலை சொல்லுமுன் தன் பெயர்கொண்ட பெருமாளை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வார். அந்த நிமிஷத்தில் மனசு ஒரு பக்கம் சாயும். அன்றைக்கு எவ்வளவு நின்றும் சாயவில்லை. அறுபது என்று ஒரு சொல் சொன்னால் போதும், ப்ரீத்தி இன்று ராத்திரியே ஆம்புலன்ஸ் பேசிவிடுவாள். எதிரே நிற்கிறவரோ நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. ஒருவர் வீட்டு அடுப்பை அணைத்து இன்னொரு வீட்டு விளக்கை ஏற்றச் சொல்லிப் பெருமாளைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

அமராவதி காபி போட உள்ளே போனதும் அறிவழகனிடம் சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் சொன்னார். அறிவழகன் தரையில் மண்டியிட்டு, போன் வெளிச்சத்தில் வண்டியின் அடியைத் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"சரியான வெலை எவ்ளோண்ணே?"

"உள்ள எவ்ளோ தின்னிருக்குன்னு பிரிச்சாத்தான் தெரியும். என் மனசுக்கு முப்பத்திரண்டுக்கு மேல வரல."

"அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

தேவநாதன் தலையசைத்தார். தெரியாது.

காபியோடு வந்த அமராவதி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வண்டில கொறை எதுனா இருக்குதா தம்பி என்று புதியவரிடமே கேட்டார். அறிவழகன் துரு ஒட்டிய விரல்களைக் கைக்குட்டைக்குள் மடித்துக்கொண்டார்.

"கொறைல்லாம் ஒண்ணும் இல்லம்மா. பெத்த புள்ள மாதிரி பாத்துக்கிட்டிருக்கீங்க."

காபியைக் குடித்து முடித்து, முப்பத்தைந்தாக வைத்துக்கொள்ளலாம் என்று தேவநாதனிடம் மெதுவாகச் சொன்னார். அந்த மூன்று எதற்கென்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பணம் ப்ரீத்தியின் கணக்குக்குப் போயிற்று. அடுத்த நிமிஷம் அவளிடமிருந்து போன் வந்தது.

"மாமா, அவரு அறுவது தர்றதா சொன்னாருன்னு நீங்கதான சொன்னீங்க?"

வண்டி ரொம்ப நாள் ஓடாமல் நின்றிருந்தது, உப்புக் காற்று தின்றுவிட்டது என்றார் தேவநாதன்.

"வாங்குனவருகிட்டேர்ந்து உங்களுக்கு எவ்ளோ வந்துது மாமா?"

அவர் வாயைத் திறந்தார். அமராவதி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "ப்ரீத்தியா? நல்ல எடத்துக்குத்தான் போவுதுன்னு சொல்லுங்க தம்பி" என்றார் முகமெல்லாம் சிரிப்பாக. திறந்த வாயை மூடிக்கொண்டார் தேவநாதன். மறுமுனையில் ப்ரீத்தி போனை வைத்துவிட்டாள்.

மாலையில் லாரி வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு போனது. லாரி தெருமுனை திரும்பும்வரை கும்பிட்டபடி நின்ற அமராவதி, கொட்டகைக்குள் போனார். வண்டி நின்ற இடத்தில் சிமெண்டுத் தரையில் உப்பு பொருக்குத் தட்டி உறைந்திருந்தது. தேங்காய் ஓட்டால் அதைச் சுரண்டி, காலண்டர் தாளில் மடித்து தேவநாதன் கையில் கொடுத்தார். பிள்ளைக்காகத் தினமும் ஊற்றியதுதான், அவன் நெற்றியில் பூசச் சொல்லுங்கள் என்றார்.

தபாலில் அனுப்புகிற பொருள் இல்லை அது. அன்றே சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார். மழைக்கால ஈரத்தில் சட்டைப்பையில் பொட்டலம் நசநசத்துக்கொண்டே வந்தது. சென்னைக்குக் கடிதம் எழுதித் தருகிற டாக்டர் இன்னும் வரவில்லை என்று வராந்தாவில் யாரோ சொன்னார்கள். ப்ரீத்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. வழக்கமாக நகர்ந்து இடம் விடுகிறவள், நகரவும் இல்லை.

அவர் நின்றபடியே பொட்டலத்தை நீட்டி, அத்தை குடுத்தாங்க என்றார். அவள் பிரித்தாள். உப்பு வெள்ளையாக இல்லை. துருவேறிச் செம்மண் நிறத்தில், நடுவில் கறுப்பு எண்ணெய்த் திட்டோடு, தாளில் ஊறிப் படர்ந்திருந்தது.

"இது எங்கேர்ந்து மாமா?"

"வண்டி நின்ன எடத்துலேர்ந்தும்மா. தெனம் அவனுக்காகக் கடல் தண்ணி ஊத்தியிருக்காங்க."

ப்ரீத்தி தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு முறை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். பாதி திறந்த கதவு வழியே கட்டிலின் ஒரு ஓரம் தெரிந்தது. அவள் ஒரு விரலை உப்பில் தொட்டு, மஞ்சள் பாரித்த அந்த நெற்றியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெல்ல இழுத்தாள். துரு நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. கோட்டின் முனையில் திரண்ட ஒரு சொட்டு, காதோரமாக இறங்கித் தலையணையில் ஊறியது.