பாறைக்கு நடுவே ஒரு சிவப்பு

"ரெண்டு நாள் லேட்டு. எங்கய்யா இருந்த?"

"வழியில ஒரு ஆறு, மலரு. அந்தக் காலத்துல நெருப்புக் கொழம்பு ஒண்ணு மேல ஒண்ணா வழிஞ்சு பாறையா ஆயிடுச்சாம். அத்த அறுத்துக்கினு பள்ளத்துல ஓடுது. பாத்துக்கினே உக்காந்துட்டேன்."

"கல்லப் பாக்க ரெண்டு நாளா? யார்கிட்ட கத வுடுற?"

சடையப்பன் சிரித்தார். மலர்கொடி சிரிக்கவில்லை. அன்று துவைக்கப் போட்ட சட்டையின் முதுகில் குங்குமம்போல ஒரு தீற்றல் இருந்தது. ஆரோவில் பக்கத்துச் செம்மண்ணை அவளுக்குத் தெரியும். இது அதுவல்ல. அதன்பிறகு அவர் உப்பு ஏற்றி வடக்கே ஓட்டிப்போன லாரி வெங்காயத்தோடு திரும்பும்போதெல்லாம் அவள் சட்டையைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தாள்.

இப்போது அவர் ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். விடியற்காலை நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. அழுதுகொண்டே உள்ளே வந்த தெரியாத பெண்கள் ஒவ்வொருவரின் நெற்றியையும் மலர்கொடி பார்த்தாள்.

அதே லாரியில் மாற்று டிரைவராகப் போன தாஜுதீன் பந்தலில் உட்கார்ந்திருந்தார். அவரைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள்.

"பாய் அண்ணே, பொணம் வாசல்ல கெடக்குது. இப்பவாச்சும் சொல்லுங்க. அவ பேரு இன்னா?"

"எவ பேரும்மா?"

"அவரு சட்டையில குங்குமம் ஒட்டி அனுப்புனவ."

தாஜுதீன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதையும் அவள் கவனித்தாள்.

"அது குங்குமம் இல்லம்மா. அந்த ஆத்துப் பாறையில ஒரு நெருப்புக் கொழம்பு ஆறி, அது மேல ரொம்ப காலம் மண்ணு சேருமாம். மறுபடி வர்ற கொழம்பு அந்த மண்ணச் சுட்டுடுமாம். கறுப்புப் பாறைக்கு நடுவுல செவப்பா கோடு போட்ட மாதிரி இருக்குது. அதுல சாஞ்சுதான் உக்காருவான்."

"நல்லா இருக்குது. அவரு சொல்லிக் குடுத்ததா?"

"வேணாம்மா, மய்யித்து கெடக்குற வீட்ல பொய் சொல்ல மாட்டேன்."

"அங்க வீடு வாசல்?"

"ஒண்ணும் கெடையாது. நானே கேட்டேன், இன்னாடா இருக்குது இங்கன்னு. மலருக்குக் காட்டணும்னான். கூட்டினு வாயேன்டான்னேன். 'நான் கூப்ட்டா எத்தையோ மறைக்கத்தான் கூப்புட்றேன்னு நெனப்பா. அவளே கேக்கட்டும்'னான்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பாய் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அது துக்கமா, வேறு எதாவதா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை.

வாசலில் பறை தொடங்கியது. "மலரு, வாக்கரிசி போட வாம்மா" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

அவள் நகரவில்லை. லாரி கிளம்பும் ஒவ்வொரு முறையும் தொண்டைவரை வந்து திரும்பிப் போன வார்த்தை இப்போது பறைச் சத்தத்துக்கு மேலாக வெளியே வந்தது.

"என்னையும் கூட்டினு போங்க. நான் பாக்கணும்."