ஊக்கு குத்திய முந்தானை

மூத்தவளுக்கு வீட்டில் குருவி என்று பெயர். வாய் ஓயாது. நூல் ஆலையில் வேலை கிடைத்ததும் பேச்சு முழுக்க ஆலைப் பேச்சாகிவிட்டது. எந்த மிஷின் மக்கர் பண்ணுகிறது, மேஸ்திரி யார்மேல் எரிந்து விழுந்தார் என்பதெல்லாம் அம்மாவுக்கும் தங்கைக்கும் அத்துப்படி.

"அம்மா, பெல்ட் ஓடுற பக்கம் குனிஞ்சாலே முந்தானை பறக்குது. நான் சுடிதார் போட்டுக்கட்டுமா? மேஸ்திரிகிட்ட கேட்டேன். வீட்டுல சம்மதிச்சா தனக்கு ஒண்ணுமில்லேன்னுட்டார்."

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அவளும் ஒரு காலத்தில் நைலக்ஸ் சேலைக்காகச் சாப்பிடாமல் அடம்பிடித்தவள்தான். கெட்டிச் சேலையைத் தவிர வேறு அறியாத அவளுடைய தாய், "உடம்பு தெரியற துணியா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தன் மகள் என்று வந்தபோது அதெல்லாம் மறந்துவிட்டது.

"கல்யாணப் பேச்சு நடக்கிற நேரம். நாலு பேர் என்ன நினைப்பாங்க? சேலையை ஒழுங்கா கட்டினா ஏன் பறக்குது?"

குருவி சிரித்தாள். "என் ஒழுங்கு பெல்ட்டுக்குத் தெரியாதேம்மா."

மறுநாளிலிருந்து அம்மாவே மடிப்பு எடுத்து, தோளிலும் இடுப்பிலும் அழுத்தமாக ஊக்கு குத்தி அனுப்பினாள். இழுத்துப் பார்த்துவிட்டு, "இனி அசையாது" என்பாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் ஆலையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். அம்மாவும் தங்கையும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்களில் கூட வேலை பார்த்த ஒருத்தி அழுதுகொண்டே சொன்னாள்: "பெல்ட்டுல சிக்கின முந்தானை மட்டும் போயிருந்தா பிழைச்சிருப்பா. துணி கழண்டு வரல. அவ்வளவு கெட்டியா ஊக்கு குத்தியிருந்தது."

குத்தியது யார் என்று அவளுக்குத் தெரியாது. தங்கைக்குத் தெரியும். அம்மாவின் கையைப் பிடித்தாள். அம்மா கையை உருவிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஆலையில் சட்டம் மாறியது. பெண்கள் எல்லோருக்கும் சுடிதார், மேலே நீலக் கோட்டு, கூந்தலை மூடத் தொப்பி. பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூடச் சில நாள் கூச்சப்பட்டுவிட்டுப் பழகிக்கொண்டார்கள். நாலு பேரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இவ்வளவுதானா என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

குருவியின் வேலை தங்கைக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்லும் நிலையில் வீடு இல்லை. முதல் நாள் காலை சுடிதார் போட்டுக்கொண்டு வந்தவள், பழக்கத்தில் துப்பட்டாவை எடுத்துத் தோளில் போட்டாள். அம்மா அதை எடுத்து மடித்து உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

"தெருவுல பாப்பாங்களேம்மா."

"பாக்கட்டும்."

சாயங்காலம் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் அம்மா ஆலை வாசலுக்கே போய்விட்டாள். சங்கு ஊதியதும் பெண்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். எல்லாம் ஒரே நீலம். அம்மா ஒவ்வொரு முகமாகத் தேடினாள். கும்பல் கரையக் கரைய இன்னும் முன்னால் நகர்ந்தாள்.

"அம்மா, இங்கதானே நிக்கிறேன். யாரைத் தேடறே?"

சின்னவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அம்மா அவள் தோளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, வாட்ச்மேன் கேட்டைச் சாத்தும்வரை, அவளைத் தாண்டி உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.