அவுட்பாக்ஸில் இருந்த மெயிலை யார் பார்த்தது?

1

வயிற்றெரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று மாலை என் தங்கை வேலையிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "அக்கா, என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டாங்க" என்றாள். காரணம், ஒரு லேப்டாப் தூங்கி எழுந்ததாம். சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்துத் தொலைத்தேன்.

2

தொடக்கம் அ: "மூடியைத் திறந்ததும் கணினி கண் விழித்தது, ஆனால் அதன் உள்ளே ஏதோ ஒன்று..." (வேண்டாம். கணினிக்குக் கண்ணும் கிடையாது, மனசாட்சியும் கிடையாது.)

தொடக்கம் ஆ: "ஆஸ்பத்திரி வார்டின் புதுக் கதவில் கட்டில் முட்டி நின்றது." இது தேவலை. இதிலிருந்தே போவோம்.

தங்கை ஒரு கதவு செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் அளவு போட்டுக் கொடுத்தால்தான் பட்டறையில் மரம் அறுப்பார்கள். புது ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வார்டுக் கதவுகள் செய்து, கொண்டுபோய், மாட்டியும் ஆயிற்று. கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தால் உள்ளே நுழையவில்லை. நோயாளி இறங்கி நடந்துபோய்த்தான் படுக்க வேண்டும்!

மேலாளர் தங்கையைக் கூப்பிட்டார். "அகலத்தை மாத்தச் சொல்லி பன்னெண்டாம் தேதியே உனக்கு மெயில் போட்டேனே, என்ன பண்ணிட்டிருந்தே?"

"எனக்கு வரலையே சார்."

"வரலைன்னா? அப்ப நான் பொய் சொல்றேனா?"

நாளைக் காலை முதலாளி நேரில் வந்து விசாரிக்கப் போகிறார். யார் சொன்னது பொய்யோ அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த 'அவர்' மேலாளராக இருக்க மாட்டார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

3

மேலாளரை எப்படி எழுதுவது? முதல் வரைவில் தடித்த மீசை, சிவந்த கண், மேசையைக் குத்தும் பழக்கம் எல்லாம் கொடுத்திருந்தேன். தங்கை படித்துவிட்டு, "மீசையே கிடையாதுக்கா. நல்லாத்தான் பேசுவாரு. பாப்பாவுக்குக் காய்ச்சல்னா உடனே லீவு குடுப்பாரு" என்றாள். எல்லாவற்றையும் அடித்தேன். நல்ல மனிதர் மேல் கோபப்படுவது எவ்வளவு சிரமம் தெரியுமா? ஆனாலும் கோபம் வருகிறது, என்ன செய்ய.

அவரிடம் ஒரே ஒரு பழக்கம். 'அனுப்பு' என்பதை அழுத்திய அதே கையால் லேப்டாப்பைப் படாரென்று மூடி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மூடினால் அது தூங்கிவிடும். மெயில் கிளம்பாமலே அவுட்பாக்ஸில் நின்றுவிடும். மறுபடி திறந்தால் கணினி எழுந்துகொள்ளும், மெயில் புரோகிராம் மட்டும் இணைப்பு இல்லாமல் தேமே என்று உட்கார்ந்திருக்கும். வருகிற மெயிலைப் பார்ப்பது, பதில் போடுவது எல்லாம் அவருக்குப் போனிலேயே என்பதால் இது அவருக்குத் தெரியவே இல்லை.

(அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: உங்களுக்கும் இந்தத் தொல்லை உண்டென்றால், மெயில் புரோகிராமை முழுதாக மூடித் திறங்கள். 'ஆஃப்லைன்' என்று டிக் விழுந்திருந்தால் எடுங்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வைஃபையை அணைக்கலாம் என்று அமைப்பில் இன்னொரு டிக் இருக்கும், அதையும் எடுங்கள். அவ்வளவுதான். இந்த இரண்டு டிக்குக்காகத்தான் ஒருத்தியின் வேலை போகப் பார்க்கிறது.)

4

இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பிறகு கேட்பேன்.

தங்கை விடவில்லை. "உங்க லேப்டாப்பை ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க சார்" என்று பிடிவாதமாக நின்றாள். கம்பெனிக்கு வழக்கமாகக் கணினி பழுதுபார்க்கிறவர் வந்தார். மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். பழுதுபார்க்கிறவர் அவுட்பாக்ஸைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு மெயில், தடித்த எழுத்தில். தங்கையின் பெயருக்கு. 'வார்டுக் கதவு, புது அகலம்.' பன்னிரண்டாம் தேதி. போகவே இல்லை.

"இதோ இருக்கு பாருங்க!" என்றாள் தங்கை.

"ஆமாம்மா, இங்கயேதான் மாட்டிக்கிட்டிருக்கு."

"சார், ஒரு நிமிஷம் வந்து பாருங்க சார்!"

மேலாளர் திரும்பாமலே கையைக் காட்டினார், இருங்கள் என்று.

"எதையும் தொடாதீங்க, அவர் வந்து பாக்க..." அவள் சொல்லி முடிக்கவில்லை. "சின்ன விஷயம்மா, இது" என்று அந்த மகராசன் 'ஆஃப்லைன்' டிக்கை எடுத்துவிட்டார். 'உஷ்' என்று ஒரு சத்தம். அவுட்பாக்ஸ் காலி.

"சரியாயிடுச்சு சார்!" என்றார் பெருமையாக.

5

மெயில் தங்கையின் இன்பாக்ஸில் வந்து இறங்கியது. புதிதாக வந்ததென்று மேலே நின்றதா? இல்லை. எழுதிய தேதியைச் சுமந்துகொண்டு போய், பன்னிரண்டாம் தேதி மெயில்களுக்கு நடுவே ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்துகொண்டது.

மேலாளர் போனை வைத்துவிட்டு வந்து அவள் கணினியைப் பார்த்தார். "இந்தா, பன்னெண்டாம் தேதி. உன் இன்பாக்ஸ்லயே இருக்கு. நீ திறந்துகூடப் பாக்கலை."

"இப்பதான் சார் வந்துச்சு! இவரையே கேளுங்க."

பழுதுபார்க்கிறவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவரை அடுத்த தடவை கூப்பிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் மேலாளர். "நெட் கனெக்ட் ஆகுதான்னு மட்டும்தான் சார் பாத்தேன். மெயிலை எல்லாம் கவனிக்கலை."

கவனிக்கலையாம்! இந்த வரியை மூன்று தடவை அடித்து எழுதினேன்.

6

முடிவு ஒன்று: மெயில் உண்மையில் எப்போது வந்து சேர்ந்தது என்ற தடம் அதற்குள்ளேயே பதிந்திருக்கும். தங்கை அதை எடுத்துக் காட்டுகிறாள், முதலாளி எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கிறார். தங்கை படித்தாள். "எழுந்து நின்னாரா? ஏன்க்கா, நீ ஆபீஸ் பக்கமே போனதில்லையா?" அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: அதே தடத்தை அச்செடுத்துக் கொடுக்கிறாள். முதலாளி புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கிறுக்கல் எல்லாம் எனக்குப் புரியாதும்மா. அது அவுட்பாக்ஸ்ல இருந்ததை யாராவது கண்ணால பாத்தாங்களா, அதைச் சொல்லு" என்கிறார். இது அப்படியே நடக்கும் போலிருக்கிறது.

முடிவு மூன்று: அந்த நேரம் கதவைத் தள்ளிக்கொண்டு பழுதுபார்க்கிறவர் உள்ளே

(முடிக்கவில்லை. அவர் வருவார் என்பது என் ஆசை. ஆசையை எழுதி என் தங்கை கையில் கொடுத்து அனுப்ப முடியாது.)

"எப்படி வேணா எழுது. நான் அழுத மாதிரி மட்டும் எழுதாதே" என்று சொல்லிவிட்டுப் போனாள். எழுதவில்லை.

7

ஆக, என்னிடம் முடிவு இல்லை. யாராவது பார்த்தீர்களா என்று நாளைக் காலை கேட்பார்கள். மேலாளர் போனில் இருந்தார். பழுதுபார்க்கிறவர் கவனிக்கவில்லை. நான் அங்கே இல்லவே இல்லை, இருந்தாலும் அக்கா சொல்வது சாட்சியில் சேராது.

நீங்கள் இருந்தீர்கள். நான்காம் பகுதியில் அந்த மெயில் அவுட்பாக்ஸில் கிடந்ததை நீங்கள் பார்த்தீர்கள், அது கிளம்பிய சத்தமும் உங்கள் காதில் விழுந்தது. சந்தேகமாக இருந்தால் திரும்பிப் போய்ப் பாருங்கள், நான் அதை அழிக்கவில்லை.

அந்த அறையில் நாளைக்கு என் தங்கை தனியாக நிற்பாள். சொல்லுங்கள், பார்த்தீர்களா? இல்லை, நீங்களும் கவனிக்கவில்லையா?