ஓர் எழுத்து மாற்றம்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அக்கா போனில் சொன்னாள், சுட்டுக்கொண்டேன். "எழுதிக்கோ. ஆனா என்னை அழுமூஞ்சி ஆக்கிடாதே" என்றாள்.

முதல் வரி இப்படி இருந்தது: ஜன்னலோரம் அமர்ந்து, மௌனத்தின் ஆழத்தை அவள்…

வேண்டாம். அக்கா வேலை செய்வது ஜன்னலோரத்தில் இல்லை. பாதி மேசையில் துவைத்த துணி குவிந்திருக்கும், மீதிப் பாதியில் அவள் வேலை.

2

ஒரு ஜெர்மன் தத்துவஞானி. பார்வை மங்கிய பிறகு அவர் சொல்லச் சொல்ல, மகள் எழுதியெடுத்த கடைசிக் காலக் கட்டுரைகள். ஆறு வருடமாக அக்கா அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்தது, ஒரு வரியைத் தவிர: 'மௌனம் நம்மைக் காலி செய்கிறது.' கட்டுரை முழுக்கக் கற்பதைப் பற்றி. நடுவில் இது எங்கே வந்தது? பதினேழு விதமாக எழுதிப் பார்த்தாள். 'எனக்கு ஜெர்மனே வராதோ' என்று அவளுக்கு உள்ளுக்குள் உதறல்.

அத்தானிடம் கேட்கவும் வழியில்லை. அவர் பேராசிரியர், முனைவர் பட்டம் வாங்கியதே அந்த வரியை வைத்துத்தான்.

3

புத்தகம் அச்சுக்குப் போக ஒன்பது நாள் இருந்தது. அக்கா துணிந்து அந்த மகளுக்கே போன் செய்தாள். அவருக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. (பேசியது ஜெர்மனில். அக்கா எனக்குச் சொன்ன தமிழில் தருகிறேன். தவறிருந்தால் எங்கள் இருவருக்கும் பங்கு.)

"அப்பா சொன்னது 'கற்றுத் தருகிறது'ன்னு. எங்க மொழியில ரெண்டு சொல்லும் காதுக்கு ஒண்ணுதான். ஓர் எழுத்தை நான் மாத்திப் போட்டுட்டேன். புத்தகம் வந்தப்புறம்தான் பாத்தேன். அப்பாகிட்ட சொல்லத் தைரியம் வரல. அதுக்குள்ள ஆளாளுக்கு அந்த வரியைக் கொண்டாட ஆரம்பிச்சுட்டாங்க."

"இத்தனை வருஷத்துல யாருமே கேக்கலையா?"

"எல்லாரும் புரிஞ்சுதுன்னுதான் சொன்னாங்க. புரியலன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தாம்மா."

அவர் விம்மி… (இல்லை. நீளமாக மூச்சு விட்டார், அவ்வளவுதான்.)

4

இனி அத்தான். அவர் கோபித்துக்கொண்டு வெளியேறுவதாக ஒரு முடிவு எழுதினேன். மறுத்துக் கட்டுரை எழுதுவதாக இன்னொன்று. இரண்டிலும் அவர் வேறு யாரோ போலிருந்தார்.

நடந்தது இதுதான். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அந்த வரி தப்பாம்."

"எந்த வரி?"

"உங்க வரி."

அக்கா எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அத்தான் குழாயை மூடினார். ஈரக் கையோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்கும் அது பிடிபட்டதே இல்ல," என்றார் மெல்ல. "பசங்க கேட்டா, கூரையைப் பாத்துட்டு 'இன்னும் யோசிங்க'ன்னு சொல்லிடுவேன்."

அக்கா சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார், கண்ணில் நீர் வர. "இருபத்தெட்டு வருஷம், நான்தான் மக்குன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.

5

புத்தகத்தில் எந்தச் சொல்லைப் போடப் போகிறாள்? பிழையையா, திருத்தத்தையா, அடிக்குறிப்போடு இரண்டையுமா? கேட்டுவிடலாம் என்று இன்று மத்தியானம் நேரிலேயே போனேன்.

அக்கா சோபாவில் உடலைக் குறுக்கிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த வரி இருந்த தாள் அவள் மூக்குக் கண்ணாடிக்கு அடியில் மடிந்து கிடந்தது. பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. அவசரமென்றால் நீங்களே ஒரு சொல்லைப் போட்டுக்கொள்ளுங்கள். சத்தமில்லாமல்.