அந்துருண்டைக் கொட்டகை

அச்சு மெஷின் ஒருமுறை இறங்கி எழுந்தால் நாற்பது அந்துருண்டைகள் தட்டில் விழும். உடைந்ததைப் பொறுக்கி எறிந்துவிட்டு மற்றதைப் பின்னாலிருக்கும் மேசைக்குத் தள்ளவேண்டும். அங்கே பெண்கள் பொட்டலம் போடுவார்கள். தூசி படிகிறதென்று ஜன்னல்களை ஆணியடித்து மூடியிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் மூக்கு எரியும். அரை மணி நேரத்தில் பழகிவிடும் என்பார்கள்.

நெட்டைக்கு அது பழகவில்லை. எட்டு வருஷமாகத் திறந்தவெளியில் லாரிக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவன் அவன். மெஷின்காரர் வேலையை விட்டு நின்றதால் திங்கட்கிழமை அவனை உள்ளே மாற்றினார்கள். புதன்கிழமை தலை கிறுகிறுத்தது. வியாழக்கிழமை சிறுநீர் பாலில்லாத காப்பியின் நிறத்தில் போனது. நாலு நாள்கூடத் தாக்குப்பிடிக்காதவன் என்று பேர் வந்துவிடுமே என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. பொட்டல மேசையிலிருந்த அவனுடைய அக்காதான் வெள்ளிக்கிழமை காலையில் அவன் கண்ணைப் பார்த்தாள். நேராகப் போய் மெஷினின் சுவிட்சை அணைத்தாள்.

ஆஸ்பத்திரியில் மஞ்சள் காமாலை என்று எழுதி, ஒரு வாரம் படுத்திருக்கச் சொன்னார்கள். ரத்தம் எடுக்க வந்த லேப்காரம்மா அவன் கையில் பட்டையைக் கட்டக் குனிந்தவள், அப்படியே நின்றாள்.

"சட்டையில அந்துருண்டை வாசனை வருதே. எங்க வேலை பாக்குறீங்க?"

அக்கா சொன்னாள். லேப்காரம்மா மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, வேலை நேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், தானே மாடியேறி டாக்டரைக் கூட்டிவந்தாள். சிவப்பணுக்கள் ஓரத்தில் கடித்துத் துப்பியதுபோல் இருக்கின்றன, ரத்தம் உள்ளுக்குள்ளேயே உடைகிறது என்றாள். டாக்டர் முகம் சுளிக்காமல், முன்பு எழுதிய சீட்டை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

ரத்தம் ஏற்றவேண்டியிருந்தது. லாரிக்குப் பெட்டி ஏற்றுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்து முதலில் கையை நீட்டியவர் ரெட்டைப்பெட்டி. எல்லோரும் ஒரு பெட்டி தூக்கினால் அவர் தோளுக்கொன்றாக இரண்டு தூக்குவார். அதனால் அந்தப் பேர். "என் ரத்தம் ஏறினதும் நீயும் ரெண்டு தூக்குவ பாரு," என்றார். அந்த நிலையிலும் நெட்டைக்குச் சிரிப்பு வந்தது.

பத்தாம் நாள் எழுந்து நடந்தான். மரபணுப் பரிசோதனையின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு லேப்காரம்மா பொறுமையாக விளக்கினாள். ரத்தத்தில் ஒரு என்சைம் பிறப்பிலேயே குறைவு. அம்மா வழியாக வருவது. அந்துருண்டையும் சில மாத்திரைகளும் ஆகாது. அவற்றிலிருந்து விலகியிருந்தால் நூறு வயசு வரைக்கும் இருக்கலாம். அவன் கும்பிட்டான். அவள் அவன் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

"அந்துருண்டை நெடி இல்லாத வேலை குடுங்கன்னு டாக்டர் ஒரு லெட்டர் தருவாரு. அத மட்டும் கம்பெனில குடுங்க. இந்த ரிப்போர்ட் உங்களோடது. வீட்டுல இருக்கட்டும்."

அவனுக்கு அது சரியாகப் படவில்லை. தனக்குக் கிடைத்த நல்லது மற்றவர்களுக்கும் கிடைக்கவேண்டாமா? ரிப்போர்ட்டையே மேனேஜரிடம் நீட்டினான். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் படுத்திருக்க மாட்டேன் சார். இன்னும் எத்தனை பேரு தெரியாம நிக்கிறாங்களோ. எல்லாருக்கும் ஒரு தடவ பாத்துட்டா நல்லது."

மேனேஜர் அவனை உட்காரவைத்துக் கேட்டார். நல்ல யோசனை என்று தட்டிக்கொடுத்தார். மூன்றாம் வாரம் பரிசோதனை வேன் வந்தது. கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்தார்கள். கையெழுத்துப் போடத் தயங்கியவர்களிடம் நெட்டையே போய்ப் பேசினான். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று காகிதத்தைப் படிக்காமலே போட்டார்கள்.

ஏழு பேருக்கு அந்தக் குறை இருந்தது. ஏழு பேருக்கும், ஊழியர் நலன் கருதி வேலையிலிருந்து விடுவிக்கப்படுவதாகக் கடிதம் வந்தது. நெட்டையும் ரெட்டைப்பெட்டியும் அதில் அடக்கம்.

"வெளிய பெட்டிதான ஏத்துறோம் சார். இத்தன வருஷம் ஒண்ணும் ஆகலயே," என்றான் நெட்டை.

"உங்க உயிர் எங்களுக்கு முக்கியம்பா," என்றார் மேனேஜர். குரலில் கடுமையே இல்லை.

ஜன்னல்களையாவது திறந்துவிடக் கூடாதா என்று அக்கா கேட்டுப் பார்த்தாளாம். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள்தான் போய்விட்டார்களே, இனி எதற்கு என்று பதில் வந்ததாம்.

நெட்டை வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மற்ற ஆறு பேர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோம் என்று சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரெட்டைப்பெட்டி வந்து கதவைத் தட்டினார். வந்தவர் அவன் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"மஞ்சள் போயிருச்சு. கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு."

"என்னைத் திட்டிடுங்கண்ணே."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "என் பொண்ணுக்கு அடுத்த மாசம் பிரசவம். குழந்தைத் துணியெல்லாம் பெட்டியில போட்டு, உடைஞ்ச அந்துருண்டைய அள்ளிட்டு வந்து நடுவுல வச்சு மூடினதே நாந்தான். இந்தக் கடுதாசி வந்ததும் லேப்காரம்மாவப் போய்ப் பாத்தேன். பொண்ணு வழியா பேரனுக்கும் இது வரலாமாம். அந்தத் துணியச் சுத்தியிருந்தா பச்சப்புள்ள தாங்காதுன்னாங்க. எல்லாத்தையும் ரெண்டு தடவ வெந்நீர்ல அலசி வெயில்ல போட்டாச்சு. நீ கேக்கலன்னா எனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? வேலை போச்சுதான். இல்லேங்கல. அதுக்காக இத மறக்க முடியுமா?"

நெட்டை நகர்ந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். அக்கா இரண்டு பேருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள். நாளைக்குச் சேர்ந்தே வேலை தேடிப் போகலாம் என்று முடிவு செய்தார்கள்.

மறுநாள் காலையில் மரக்கடைப் பக்கம் போகக் கம்பெனி வாசலைத் தாண்டவேண்டியிருந்தது. ஏழு இடங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள் போலும். சுவரோரமாக ஐம்பது அறுபது பேர் வரிசையில் நின்றார்கள். மேசையில் விண்ணப்பத் தாள்களுக்குப் பக்கத்தில் பஞ்சுக்குச்சிப் பெட்டி இருந்தது. பேர் என்ன, என்ன வேலை தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. முதலில் நின்றவன் வாயைத் திறந்தான். அவனைப் பார்த்துவிட்டுப் பின்னால் நின்றவர்களும், முறை வருமுன்பே, ஒருவர் பின் ஒருவராக வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள்.