முந்நூற்றுப் பன்னிரண்டாம் எண் ஸ்கீ

சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்குள் நெவென்கா மூன்று தடவை காபி போட்டுவிட்டாள். ஒன்றையும் குடிக்கவில்லை. சமையலறைக்கும் ஜன்னலுக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தாள்.

"கொஞ்சம் உட்காரேன். நீ நடக்கற நடைக்குக் கீழ்வீட்டுக்காரி துடைப்பத்தோட மேல வரப் போறா" என்றான் அவள் கணவன் கொராஸ்ட், செய்தித்தாளை இறக்காமலே.

"வித்திருக்குமா?"

"எது?"

"எதுவா? என் ஸ்கீதான்!"

"எட்டு மணிக்குத்தான் கதவே திறப்பாங்க. அதுக்குள்ள எவன் சுவரேறிக் குதிச்சு வாங்கப் போறான்?"

ஒவ்வொரு நவம்பரிலும் காம்னிக் ஊரில் ஸ்கீ சங்கத்தின் பழைய சாமான் சந்தை நடக்கும். வெள்ளிக்கிழமை மாலை வீட்டு அடித்தளத்தில் கிடக்கும் ஸ்கீ எனும் பனிச்சறுக்குப் பலகைகள், ஸ்னோபோர்டு, பூட்ஸ் எல்லாவற்றையும் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் ஒப்படைக்க வேண்டும். சீட்டில் எண்ணும் விலையும் எழுதிக் கட்டிவிடுவார்கள். சனி, ஞாயிறு விற்பனை. பத்தில் ஒரு பங்கு சங்கத்துக்கு.

நெவென்காவின் ஸ்கீ ஜோடியை நேற்று கொராஸ்ட்தான் கொண்டுபோய் ஒப்படைத்தான். மூன்று வாரச் சண்டைக்குப் பிறகு அவள் 'சரி' என்று சொல்லியிருந்தாள். சொன்ன அரை மணியிலேயே வருத்தப்பட ஆரம்பித்துவிட்டாள்.

சண்டை ரொம்பச் சின்ன விஷயம்தான். பனிச்சறுக்குச் சாமானைச் சொந்தமாக வைத்துக்கொள்வதா, வாடகைக்கு எடுப்பதா?

"வருஷத்துக்கு எத்தனை நாள் போகப் போற? மூணு? நாலு? அதுக்கு வாடகை போதும்" என்பான் கொராஸ்ட். மகளையும் துணைக்கு இழுப்பான்: "டிங்காராவுக்கு வாடகைக்குத்தானே எடுக்கறோம்?"

"அவளுக்குப் பன்னெண்டு வயசு, கால் வளருது. எனக்கு வளருதா?"

"முழங்கால் தாங்கணுமே."

அங்கே வந்ததும் இருவரும் நிறுத்திக்கொள்வார்கள். இரண்டு வருஷத்துக்கு முன், ஜனவரியில், கிர்வாவெட்ஸ் சரிவில் நெவென்கா விழுந்தாள். பெரிய வேகம்கூட இல்லை. வலது முழங்காலின் தசைநார் அறுந்தது. அறுவை சிகிச்சை, ஊன்றுகோல், எட்டு மாதப் பயிற்சி. போன குளிர்காலம் முழுக்க மலைக்குடிலில் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, மகள் சறுக்கி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரத்துக்கு முன்தான் மருத்துவர் சொல்லிவிட்டார்: "தாராளமாப் போகலாம்." அன்றிரவே கொராஸ்ட், "அந்தப் பழைய ஸ்கீயை வித்துடலாமா?" என்று ஆரம்பித்தான்.

நாலு வயதில் ஸ்கீ மேல் ஏறியவள் அவள். வாடகைக்கு எடுப்பது கடலோரத்திலிருந்து வருகிற டூரிஸ்ட்கள் செய்கிற வேலை. அந்த ஸ்கீ போய்விட்டால் தானும் தேநீர்க்கோப்பைக் கூட்டத்தில் ஒருத்தியாகிவிடுவோம், இனி சரிவு பக்கமே போகமாட்டோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது.

"ரொட்டி வாங்கிட்டு வரேன்" என்று மேலங்கியை மாட்டினாள்.

"ரொட்டி இருக்கே."

"வேற ரொட்டி."

கதவு சாத்திய வேகத்தில் கொராஸ்ட் செய்தித்தாளை இறக்கி அவள் போன திசையையே பார்த்தான்.

---

உடற்பயிற்சிக் கூடத்தில் மெழுகு நாற்றமும் கடுகுச் சாந்து தடவிய சாஸேஜ் வாசனையும் கலந்து அடித்தன. கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே பெண்கள் ஸ்கீ வரிசை. முந்நூற்றுப் பன்னிரண்டு இன்னும் அங்கேதான் நின்றது. நெவென்காவுக்கு மூச்சு வந்தது.

அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். சும்மா நிற்கிற மாதிரி.

மீசைக்காரர் ஒருவர் வந்து ஸ்கீயை எடுத்து நுனியை வளைத்துப் பார்த்தார். "என் சம்சாரத்துக்கு" என்றார், யாரும் கேட்காமலே.

"திரும்பாது" என்றாள் நெவென்கா.

"என்ன திரும்பாது?"

"இந்த ஸ்கீதான். இடது பக்கம் திருப்பினா வலது பக்கம் போகும். ஓரமெல்லாம் தேஞ்சுபோச்சு. உங்க சம்சாரத்து மேல உங்களுக்கு ஏதாவது கோபமா?"

மீசைக்காரர் சூடான அடுப்பிலிருந்து கையை எடுப்பது போல எடுத்துவிட்டு நகர்ந்தார்.

அடுத்து வந்தவள் நிறம் நன்றாக இருக்கிறதே என்றாள். "பனியில வெளுத்துடும், கழுவாத பேசின் மாதிரி ஆயிடும்" என்றாள் நெவென்கா. அவளும் போனாள். மூன்றாவதாக வந்த அம்மாளிடம் வாயைத் திறப்பதற்குள் தோளில் ஒரு கை விழுந்தது. சங்கச் செயலாளர் லொய்ஸே. கழுத்தில் விசில், கையில் பாதி சாஸேஜ்.

"நெவென்கா, நானும் அரை மணியாப் பாத்துட்டிருக்கேன். நீங்களே கொண்டுவந்து வச்சுட்டு, நீங்களே விரட்டறீங்களே! பந்தயச் சரிவுல நட சங்கத்துக்குப் புதுக் கம்பங்கள் வாங்கணும், தெரியுமில்ல?"

"லொய்ஸே, நான் இதைத் திருப்பி எடுத்துக்கறேன்."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு. விக்கலைன்னா."

"என் ஸ்கீ!"

"சீட்டுக் கட்டிட்டா சந்தையோட ஸ்கீ. போன வருஷம் என் மச்சானுக்கே குடுக்கலை. வேணும்னா நீங்களே காசு கட்டி வாங்கிக்குங்க. அறுபது யூரோ, கொள்ளை மலிவு."

"நூத்தி அறுபது."

"அறுபது. கண்ணாடி போட்டுப் பாருங்க."

அவள் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். நூற்று அறுபது என்றுதான் இருந்திருக்கிறது. முதல் 'ஒன்று' மேல் பேனாவால் அழுத்தி ஒரு கோடு. கோட்டின் கடைசியில் ஒரு சின்ன வால். கொராஸ்ட் எதை அடித்தாலும் அப்படி ஒரு வால் விழும்.

முதல் மணி நேரத்திலேயே ஸ்கீ போய்விட வேண்டும் என்று நினைத்திருக்கிறான். ஏன்? நான் மறுபடி மலை ஏறிவிடுவேன் என்ற பயமா? தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தால்தான் அவனுக்கு நிம்மதியா? கன்னம் சூடேறியது. பணப்பையைத் திறந்தாள். முப்பது யூரோதான் இருந்தது. "இங்கேயே நில்லுங்க, வங்கி இயந்திரத்துக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றாள்.

"நான் என்ன கம்பமா, நட்டு வச்ச இடத்துல நிக்கறதுக்கு?" என்றார் லொய்ஸே.

குனிந்து ஸ்கீயை வரிசைக்குப் பின்னால் மறைத்து வைக்கும்போதுதான் அவள் கண் பைண்டிங்கில் பட்டது. பூட்ஸைப் பலகையோடு பிடித்து வைத்திருந்து, விழும்போது தானாக விட்டுவிட வேண்டிய கருவி. அதன் சிறு கண்ணாடிக்குள் ஊசி ஒன்பதைக் காட்டியது.

எண் கூடக்கூடப் பிடி இறுகும்; அவள் எடைக்கும் உயரத்துக்கும் அது ஆறில் இருக்க வேண்டும். ஒன்பதாக்கியது அவளேதான். விழுவதற்கு ஒரு மாதம் முன்பு, குண்டுங்குழியுமான சரிவில் ஸ்கீ இரண்டு முறை கழன்று ஓடிவிட, பின்னால் வந்தவர்கள் "டூரிஸ்ட்!" என்று கத்திச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து, அடித்தளத்தில் கொராஸ்டின் திருப்புளியை எடுத்துத் திருகினாள். இனிமேல் கழலாது. கழலவில்லைதான். ஸ்கீ அப்படியே நிற்க, முழங்கால்தான் சுழன்றது.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. "ஈரப்பனி, கால் மாட்டிக்கிச்சு" என்று மட்டும் சொல்லியிருந்தாள். ஊசியிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

---

வங்கி இயந்திரத்தின் முன்னே ஒரு பெரியவர் ஒவ்வொரு எண்ணையும் யோசித்து யோசித்து அழுத்தினார். நெவென்கா கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். திரும்பி வந்தபோது கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே முந்நூற்றுப் பன்னிரண்டு இல்லை.

கூடம் முழுக்கத் தேடினாள். கடைசியில், பணம் கட்டும் மேசை முன்னால் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி அதைத் தோளில் சாத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"மன்னிச்சுக்கோம்மா, அது என்னோடது."

"இல்லியே மேடம், நான் இப்பத்தான் எடுத்தேன். சுவரோரமா ஒளிச்சு வச்ச மாதிரி இருந்துது. அதான் நல்ல சரக்குன்னு நினைச்சேன்!" பெண் சிரித்தாள். "என் பூட்ஸைப் போட்டுப் பாத்தேன். டக்குன்னு உட்கார்ந்துடுச்சு. ஒரு மில்லிமீட்டர்கூட மாத்த வேண்டாம்."

"அப்ப பைண்டிங் சரிபண்ற மேசைக்குப் போகலியா?"

"அந்த வரிசையைப் பாருங்க. பொருந்துதே, எதுக்கு நிக்கணும்? நாளைக்குக் காலைல ஆஸ்திரியாப் பனியாறு. முத சரிவு என்னோடதுதான்!"

"பிரீனா, வரியா இல்லியா?" என்று வாசலிலிருந்து யாரோ கத்தினார்கள். "வரேன்!" என்று அவளும் கத்தினாள்.

நெவென்கா வாயைத் திறந்தாள். மீசைக்காரரிடம் பொய் சொல்ல எவ்வளவு சுலபமாக வார்த்தை வந்தது! இப்போது ஒன்றும் வரவில்லை. அதே நேரம், மகளுக்கு வாடகைக்கு எடுக்க வேண்டிய பூட்ஸ் அளவு எழுதிய காகிதத்தோடு கொராஸ்ட் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான்.

"ரொட்டிக்கடை இங்க மாறிடுச்சா?" என்றான்.

பிரீனா பணத்தை நீட்டினாள். மேசைக்காரர் சீட்டைக் கிழித்தார்.

"அதை மாட்டிட்டுப் போகாதே" என்றாள் நெவென்கா. "எனக்கு வேண்டாம், நீயே வச்சுக்கோ. ஆனா அப்படியே போகாதே. பைண்டிங் ஒன்பதுல இருக்கு. விழுந்தா கழலாது. என் முழங்கால் அப்படித்தான் போச்சு."

"ஒன்பதா?" என்றான் கொராஸ்ட். "யார் வச்சது?"

"நான்தான்."

"எப்ப?"

"அந்த டிசம்பர்ல. உன் திருப்புளியை எடுத்து."

அவன் கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்தான், எட்டாக மடித்தான், மடிக்க முடியாத அளவுக்கு மடித்தான்.

"அந்த வருஷம் உன் ஸ்கீக்கு மெழுகு போட்டது நான். ஓரம் தீட்டினது நான். பைண்டிங்கைத் துணியால துடைச்சேன்" என்றான். "எதையோ இசகுபிசகாத் திருகிட்டேன் போலன்னு ரெண்டு வருஷமா நினைச்சுட்டிருக்கேன், நெவென்கா. கீழ போய் அதைப் பாக்கவே முடியலை. அதான் அறுபதுன்னு போட்டேன். நூறு யூரோ போனாலும் பரவாயில்லை, வீட்டை விட்டுப் போகட்டும்னு."

"நீ ஏன் கேக்கலை?"

"கேட்டு, 'ஆமா, உன்னாலதான்'னு நீ சொல்லிட்டா?"

அவன் திரும்பி வெளியே போய்விட்டான். பிரீனா அவன் போன வாசலையும் நெவென்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். "மேடம், நான் இதை வாங்கிட்டேனா, இல்லையா?"

லொய்ஸே விசிலை ஊதி வரிசையை விலக்கி அவளை பைண்டிங் மேசைக்கு முன்னால் கொண்டு நிறுத்தினார். அங்கிருந்தவர் எடை, உயரம், வயது கேட்டு அட்டவணையைப் பார்த்து, ஐந்தரைக்கு இறக்கினார். ஒவ்வொரு திருகாக அது தளர்வதை நெவென்கா நின்று பார்த்தாள்.

"உங்களுக்கு அவ்வளவு ஆசைன்னா எடுத்துக்குங்க. நான் வேற தேடிக்கறேன்" என்றாள் பிரீனா, கொஞ்சம் பயந்துகொண்டே.

கேட்டதும் கை நீண்டது உண்மை. நெவென்கா கையை மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டாள். வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். முதல் தடவை கழலும். யாராவது சிரிப்பார்கள். அன்று மாலையே அடித்தளத்தில் விளக்கு எரியும்.

"வேண்டாம். வீட்டு அடித்தளத்துல இருந்தா என் கை சும்மா இருக்காது" என்றாள்.

---

கொராஸ்ட் பள்ளி வாசல் படியில் நின்றிருந்தான். வாங்கிய சாஸேஜை ஒரு கடிகூடக் கடிக்கவில்லை.

"கோபமா?"

"ரொம்ப."

"எவ்வளவு நேரம் இருக்கும்?"

"தெரியலை. ரெண்டு வருஷம் இருந்தாத்தான் நியாயம்."

"நியாயம்தான்" என்றாள். "டிங்காராவுக்கு வாடகைக் கடைக்குப் போகணுமே. நானும் வரேன். எனக்கும் எடுக்கணும்."

அவன் அவளையே பார்த்தான். பிறகு சாஸேஜைப் பாதியாகப் பிய்த்து ஒரு பாதியை, முகத்தைத் திருப்பிக்கொண்டே, நீட்டினான்.

வாடகைக் கடை தெருமுனையில்தான். கடைக்காரப் பெண் படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு எடை, உயரம், வயது எழுதினாள். "எப்படிச் சறுக்குவீங்க? மெதுவா, சுமாரா, வேகமா? ஒண்ணு, ரெண்டு, மூணுல எதைப் போடட்டும்? அதுக்கேத்த மாதிரிதான் பைண்டிங்கை இறுக்குவோம்."

வாழ்நாள் முழுக்க 'மூணு' என்று சொன்னவள். நெவென்கா மேசையை விரலால் தட்டினாள். பக்கத்தில் கொராஸ்ட் மூச்சுக்கூட விடாமல் நிற்பது தெரிந்தது.

"ஒண்ணு" என்றாள். "மார்ச்ல வந்து ரெண்டா மாத்திக்கறேன். பைண்டிங்கை நானே தொடலாமா?"

"தொடக் கூடாது, மேடம். எங்களுக்குத் தெரிஞ்சா அபராதம்."

"நல்லது."

"ஒரு நாளைக்கா, சீசன் முழுக்கவா?"

இதைப் பற்றி இருவரும் பேசியிருக்கவில்லை. நெவென்கா கணவனைப் பார்த்தாள். அவன் தொண்டையைச் செருமினான். ஜன்னலுக்கு வெளியே, இன்னும் பனி விழாத மலையைப் பார்த்தான். மறுபடி செருமினான்.

"சீசனுக்குப் போடுங்க" என்றான். "ஆனா முதல் நாள் நான் உன் பின்னாடியே வருவேன்."

"பின்னாடி யாராவது வந்தா எனக்குப் பிடிக்காதுன்னு தெரியுமில்ல?"

"பிடிக்க வேண்டாம். வருவேன்."

அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.